ஒன்றாம் இடம் காலி

ஒன்றாம் இடத்தை அவர் எந்தப் பாட்டுக்கும் கொடுக்கவில்லை. அவருடைய பட்டியல் எப்போதும் இரண்டில்தான் தொடங்கும். இரண்டு முதல் பத்து வரை ஒன்பது பாட்டுகள். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. அதிலும் ராக், மெட்டல் என்று சொல்கிறார்களே, கிட்டாரைப் போட்டு உலுக்கித் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. ஜன்னல் கதவின் உள்பக்கத்தில் சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பார். மேலே 1 என்று போட்டிருக்கும். அதற்கு எதிரே ஒன்றும் இருக்காது.

அந்தப் பட்டியலை நான் ஏணி மேல் நின்றுதான் படித்தேன்.

கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் அப்போது நான் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மழைக்காலம் தொடங்கி அடுத்த பங்குனி வரை நடந்தது இது. நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு எழாது. மர உச்சியில் தனியாக நிற்கிற வேலை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே யாரும் நம்மிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சி வரை ஏறியிருக்கும். பறிக்க நாங்கள் வைத்திருப்பது ஒற்றை மூங்கில் ஏணி. மூங்கிலின் கிளைகளைக் கணுவில் ஒரு சாண் விட்டு வெட்டினால் அதுதான் படி. ஆளுக்கு ஓர் ஏணி. அடிப்பக்கத்தில் அவரவர் வெட்டுக்குறி இருக்கும். என்னுடையது மூன்று கோடு. வேலை முடிந்ததும் ஏணியைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிற்க வைத்துவிட்டுப் போனால் காற்றில் சாய்ந்து கொடியைக் கிழித்துவிடும். அதனால் தினமும் சாயங்காலம் மேனேஜர் ஒவ்வொரு ஆளாகக் கேட்பார்.

“ஏணியப் படுக்கப் போட்டாச்சா சாமி?”

“போட்டாச்சுங்க.”

அதோடு அன்றைய வேலை முடிந்தது.

மேனேஜர் மலைக்குக் கீழே இருந்து வந்தவர். சொந்தமாகத் தோட்டம் உள்ள குடும்பம். ஒரு நாளும் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. வேலையாட்களை சாமி, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது தன்னுடைய பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் பிறகு நான் செய்த தப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

அவருடைய மனைவிதான் நான் சொல்லுகிறவர். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். சொந்தத்தில் கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர் எங்களுக்குத் தெரியாது. மேனேஜர் ஊட்டு அம்மிணி என்போம்.

அவர் ஒரு நாளும் வெளியே வந்து நாங்கள் பார்த்ததில்லை. காலையில் மேனேஜர் கிளம்பும்போது முன்கதவில் ஒரு பூட்டு, வராந்தாக் கம்பிக் கதவில் ஒரு பூட்டு, வெளிகேட்டில் ஒரு பூட்டு. மூன்று சாவியையும் இடுப்பில் செருகிக்கொள்வார். யாராவது பார்த்துவிட்டால் அவராகவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

“கொரங்குத் தொல்லை கண்ணு. கதவு தொறந்திருந்தா சோத்துப் பானையவே தூக்கிட்டுப் போயிருது.”

நாங்களும் சிரிப்போம். குரங்குத் தொல்லை இருந்தது உண்மைதான்.

அந்த வீடு சரிவைக் குடைந்து கட்டியது. முன்பக்கம் மிளகு காயப்போடும் களம். களத்தை ஒட்டித்தான் ரோட்டுக்குப் போகிற ஒரே பாதை. பக்கவாட்டில் உயரமான கல் அஸ்திவாரத்தின் மேல் ஒரு ஜன்னல், இரும்புக் கம்பி போட்டது. பின்பக்கம் ஒரு முற்றம், நடுவில் ஒரு சில்வர் ஓக், துணி துவைக்கிற கல். முற்றத்துச் சுவர் உள்ளே இருந்து பார்த்தால் இரண்டாள் உயரம். ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் மலைச்சரிவு ஏறிவருவதால் வெளித்தரை சுவரின் தலைக்கு ஒரு முழம் கீழேதான் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் அதைச் சுவர் என்றே சொல்ல மாட்டோம். உட்கார வசதியான திட்டு என்போம். நாங்கள் மதியம் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அந்த நேரத்தில் வீட்டின் பின்கதவு சாத்தியே இருக்கும்.

மழைக்காலத்தில் ஜன்னலுக்கு எதிரே இருந்த மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் படியில் நின்றால் ஜன்னல் கண்ணுக்கு நேராக வரும். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் உயிர் போகிற மாதிரி கத்துகிறான். ஆனால் எறும்பு கத்துகிற அளவுக்குத்தான் கேட்கிறது. ஒரு பானைக்குள் ஆளை அடைத்து, மூடி வைத்து, மூடியின் மேல் போர்வை போட்டது போல இருந்தது. நான் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே அவர் டேப்ரிக்கார்டரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துவிட்டார். நான் அவசரமாக இறங்கப் போனேன்.

“அண்ணா, நில்லுங்க. இந்தப் பாட்டு எப்படி இருக்கு?”

நான் என்ன சொல்ல? “லாரிக்குப் பின்னால சங்கிலி இழுத்துட்டுப் போற மாதிரி இருக்குதுங்க அம்மிணி” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு, அந்தப் பாட்டைவிடச் சத்தமாக இருந்தது. சாக்கட்டியை எடுத்து ஜன்னல் கதவில் இங்கிலீஷில் இருந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் தமிழில் ‘சங்கிலி’ என்று எழுதினார். “இனிமே நீங்களும் படிக்கலாம்” என்றார்.

அப்படித்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் நான் பெயர் வைத்தேன். இரண்டு கிட்டாரும் ஒன்றை ஒன்று பிடுங்குவது போல இருந்தது ‘கொரங்குச் சண்டை’. பாடுகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டே பாடியது ‘பல்லுவலி’. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது போலத் தட்டி, ரொம்ப நேரம் அப்படியே தட்டி, பிறகு ஒரேயடியாகக் கொட்டித் தீர்ப்பது ‘தகரக் கூரை மழை’. எனக்குப் பிடித்தது அதுதான். அவர் அதை ஒன்பதில் வைத்திருந்தார்.

“ஏனுங்க அதுக்கு ஒம்பது?”

“ரெண்டு நிமிஷம் வாசல்ல நின்னு தட்டிக்கிட்டே இருக்கு அண்ணா. பாட்டுன்னா கதவை ஒடச்சுக்கிட்டு உள்ள வரணும்.”

“மழை அப்படித்தானுங்க வரும்.”

“உங்க மழைக்கு ஒம்பதே ஜாஸ்தி.”

பழைய பாட்டு அவருக்கு ஆகாது. வந்து ஒரு வருஷம் ஆகாத பாட்டுகள் மட்டும்தான் பட்டியலில் ஏறும். வருஷம் ஒன்று தாண்டிவிட்டால் எத்தனை நல்ல பாட்டாக இருந்தாலும் அழித்துவிடுவார். தம்பி பெங்களூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். புதிதாக என்ன வந்தாலும் கேசட்டில் பதிந்து மாதம் ஒரு பார்சல் அனுப்புவான். மேனேஜர் சந்தைக்குப் போகிற நாள்தான் பட்டியல் மாறும் நாள். ஒரு பாட்டை நாலில் இருந்து மூன்றுக்கு ஏற்ற அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர் கூட அவ்வளவு யோசிக்க மாட்டார். ஏற்றுவார், இறக்குவார், அழிப்பார், முந்தானையெல்லாம் சாக்கட்டித் தூள்.

“பழைய பாட்டு என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வெளிய இன்னைக்கு என்ன ஓடுதோ அது எனக்கும் தெரிஞ்சிருக்கணும். அப்பத்தான் நானும் இன்னைக்கு இருக்கேன்னு அர்த்தம்” என்றார்.

பாட்டை மட்டும் அல்ல, எதையும் வரிசைப்படுத்துவார். மூடுபனியில் நாலு வகை உண்டு என்று இடம் கொடுத்திருந்தார். கதவைப் பூட்டுவதற்கு மேனேஜர் சொல்லும் காரணங்களையும் வரிசைப்படுத்தியிருந்தார். குரங்கு இரண்டாவது. பாம்பு மூன்றாவது. வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வருகிற டூரிஸ்ட் ஆட்கள் நாலாவது.

“ஒன்னாவது என்னங்க?”

“ஒன்னாவது காரணத்தை அவரு இன்னும் சொல்லல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இறங்கி வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

பாட்டில் ஒன்றாம் இடம் ஏன் காலி என்று நான் கேட்டபோது உடனே பதில் வந்தது. “முழுச் சத்தம் வெச்சுக் கேக்காத பாட்டுக்கு ஒன்னாம் எடம் குடுக்கக் கூடாது. அது அந்தப் பாட்டுக்குச் செய்யற துரோகம்.” மேனேஜர் டேப்பில் சத்தம் கூட்டும் திருகில் நகத்தால் ஒரு கோடு கீறிக் கொடுத்திருந்தார். அதைத் தாண்டக் கூடாது. வேலையாட்கள் காதில் விழுந்தால் மரியாதை இல்லையாம். சத்தம் குறைத்துக் கேட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஒன்பது பாட்டையும் தரம் பிரித்திருந்தார்.

“இப்படிக் கத்துறதுல என்னங்க இருக்குது?” என்றேன்.

“இவங்க கத்துறாங்க. ஏன் கத்தறேன்னு யாரும் வந்து கேக்கறதில்ல. காசு குடுத்து நின்னு கேக்கறாங்க” என்றார்.

தை மாதம் பறிப்பு தொடங்கியது. ஒரு சந்தை நாள், மேனேஜர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். அம்மிணி ஜன்னலுக்கு வந்து, “அண்ணா, இன்னைக்கு சங்கிலிக்கு ஒன்னாம் எடம் குடுத்துப் பாக்கப் போறேன்” என்றார். திருகைக் கடைசி வரை திருப்பினார்.

எனக்கு ஏணி அதிர்ந்தது போல இருந்தது. மரத்தில் இருந்த பறவையெல்லாம் எழும்பின. கீழ்ச்சரிவில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். யாரையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரே கேலி.

“ஏனுங்க அம்மிணி, பொட்டிக்குப் பேய் புடிச்சிருச்சுங்களா?”

“வேப்பிலை கொண்டாரட்டுங்களா?”

அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார். அரை நிமிஷம்கூட ஓடியிருக்காது. அரை நிமிஷம் போதாது, சங்கிலிக்கு மறுபடியும் இரண்டாம் இடம்தான் என்றார்.

மறுநாள் டேப்பில் திருகு இல்லை. அது இருந்த இடத்தில் நெல் நீளத்துக்கு ஒரு தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரலுக்குப் பிடிபடாது. சத்தம் முன்னைவிடக் கீழே போயிருந்தது. மேனேஜர் எங்களிடம், “பொட்டி ரிப்பேருங்க, சேலத்துக்குக் குடுத்தனுப்பணும்” என்றார். அந்த மாதம் பார்சல் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தம்பிக்குப் பரீட்சை என்றார் மேனேஜர். தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. எஸ்டேட் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பட்டியல் நின்றுவிட்டது. புதுப் பாட்டு இல்லாமல் அந்த ஒன்பதையே மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். பல்லுவலி மூன்றுக்கு ஏறும், அடுத்த வாரம் எட்டுக்கு விழும். பிறகு அதுவும் குறைந்தது. பழைய கேசட்டு ஓடி ஓடி நாடா இழுபட்டு, கத்துகிறவன் குரல் அழுகிறவன் குரலாக ஆகியிருந்தது.

ஒரு நாள், “அண்ணா, ஒரு குறடு கிடைக்குமா?” என்று கேட்டார். அந்தத் தண்டைத் திருகுவதற்கு.

“கொண்டாரேனுங்க” என்றேன்.

என் வீட்டில் குறடு இருந்தது. தினமும் எடுப்பேன், மறுபடியும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரின் வீடு அது. அங்கே நான் குறடு கொடுப்பதா? அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. என்னைப் போன்ற ஆளிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாசிக் கடைசியில் அம்மிணியின் அப்பா வந்தார். பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வாந்தி எடுத்து, வெளுத்துப்போன முகத்தோடு இறங்கினார். மகள் மூன்று கடிதம் போட்டதாக யாரோ சொல்லக் கேட்டு, ஒன்றும் தனக்கு வந்து சேராததால் கிளம்பி வந்தவர். மேனேஜர் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார், காலுக்குச் செருப்பு எடுத்துப் போட்டார். அன்றைக்கு மூன்று கதவும் திறந்தே கிடந்தன. ஆனால் அப்பாவையும் மகளையும் மேனேஜர் ஒரு நிமிஷமும் தனியாக விடவில்லை. சாப்பிட்ட பிறகு இருவரும் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள்.

நான் ஜன்னலுக்கு எதிரே இருந்த மரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் ஏணிக்கு அடியில் வந்து நின்று மேலே பார்த்தார். மேனேஜர் பத்தடி தள்ளி ஒரு கொடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, நீங்க நித்தமும் இங்கயே நிக்கறவரு. எம்புள்ள இங்க எப்படி இருக்குதுங்க? சும்மா சொல்லுங்க.”

ஜன்னலில் அம்மிணி நின்றிருந்தார். கம்பியைப் பிடித்திருக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா இத்தனை வளைவு ஏறி வந்து கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். அதைக் கேட்டது என்னிடம்.

மேனேஜர் கொடியில் இருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் தடவுவதை நிறுத்திவிட்டார்.

“நல்லா இருக்காங்க” என்றேன். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, “பாட்டுக் கேட்டுட்டு சந்தோசமா இருக்காங்க” என்றும் சொன்னேன்.

“அது போதுமுங்க, அது போதும்” என்றார் அவர். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார்.

நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. அன்று முழுக்கப் பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தபோது ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். டேப்பில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. பறித்த மிளகை இடுப்புத் துணியில் போட்டுக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பேன். எறும்பு அளவுக்குக்கூடக் கேட்காது. அந்தக் கத்தலுக்காக நான் இப்படி ஏங்குவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பங்குனியில் பறிப்பு முடிகிற வாரம். மற்ற மரங்கள் எல்லாம் முடிந்து, முற்றத்துக்குள் இருந்த அந்த ஒற்றை மரம் மட்டும் மிச்சம். அதைப் பறிக்க மேனேஜரே மூன்று பூட்டும் திறந்து, என்னை ஏணியோடு வீட்டுக்குள் நடத்திக் கொண்டுபோய் முற்றத்தில் விட்டார். அவர் வாசலில் மிளகு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மிணி சமையல் கட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இல்லாமல், கம்பி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜன்னலில் பெரிய ஆளாகத் தெரிவார். நேரில் சின்ன உருவம். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மரம் முழுக்கப் பறித்து முடித்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏணியை இறக்கினேன். முற்றத்துச் சுவரோரம், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், காய்ந்த மட்டைகள் கிடந்த இடத்தில் நீளவாக்கில் படுக்கப் போட்டேன். மட்டையை இழுத்து மேலே போட்டேன். அவருடைய அப்பா வந்துபோனதில் இருந்து குறடு என் மடியிலேயே இருந்தது. அதை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன்.

முறத்தின் சத்தம் நின்றது.

“ஏணி கனமா இருக்குமா?” என்று கேட்டார்.

“இல்லீங்க அம்மிணி. காஞ்ச மூங்கில். ஆறாம் படி கொஞ்சம் ஆடும், அதுல மட்டும் கால் வெக்காதீங்க.”

“பஸ்?”

“காலைல பத்து மணிக்குங்க.”

முறம் மறுபடியும் புடைக்கத் தொடங்கியது.

மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலையில் மூட்டை இருந்ததால் கையில் ஏணி இல்லாதது மேனேஜருக்கு உறைக்கவில்லை. மேனேஜர் கேட்டைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏணியப் படுக்கப் போட்டாச்சா சாமி?”

“போட்டாச்சுங்க.”

மறுநாள் எங்களுக்குக் களத்தில் வேலை. மிளகைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தோம். மேனேஜர் குடைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் யாரும் ரோட்டுக்குப் போக முடியும். அதை நான் முந்தின நாள் யோசிக்கவே இல்லை. சுவர் ஏறிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். காலையில் களத்தில் அவர் நாற்காலியைப் பார்த்ததும்தான் அது புத்தியில் ஏறியது. போய்ச் சொல்லவும் வழி இல்லை. பத்து மணியை நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுப் பக்கம் ஏதோ தட்டுவது போலக் கேட்டது. சொட்டு, சொட்டாக. மரங்கொத்தி என்றார் ஒரு பெண். மழை என்றார் இன்னொருவர், வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு மட்டும் கை நின்றுவிட்டது.

அது இரண்டு நிமிஷம் வாசலில் நின்று தட்டும். எனக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிஷத்தில் மட்டையை விலக்கி, ஏணியை நிமிர்த்தி, ஆறாம் படியைத் தவிர்த்து ஏறிவிடலாம்.

பிறகு கொட்டத் தொடங்கியது. எத்தனை மாதம் கேட்ட பாட்டு அது! எறும்பாகவே பார்த்த ஒன்று யானையாக வந்து நின்றது போல இருந்தது. களத்துத் தகரக் கொட்டகை அதிர்ந்தது. மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார். பெண்கள் எல்லாரும் பின்னால் ஓடினார்கள். வியாபாரியின் ஆட்களும் ஓடினார்கள். களத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். மேலே காப்பிச் செடிகளுக்குள் ஒரு பச்சைச் சேலை விறுவிறு என்று இறங்கி வருவதைப் பார்த்தேன். களத்தின் ஓரம் வந்தபோது ஒரு கணம் நின்றார். கையில் ஒன்றும் இல்லை, ஒரு துணிப்பை தவிர. அவர் என்னைப் பார்க்க நிற்கவில்லை. தலையைச் சாய்த்துப் பாட்டைக் கேட்டார். பிறகு ரோட்டுக்கு ஓடினார்.

கேட்டுப் பூட்டு, வராந்தாப் பூட்டு, கதவுப் பூட்டு. அவசரத்தில் மேனேஜரின் கையில் இருந்து சாவி இரண்டு தடவை கீழே விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். பூட்டிய வீட்டுக்குள் பாட்டு கத்திக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறக்கவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. அந்த அமைதியில் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வோர் அறையிலும் கூப்பிட்டார். களம் வரைக்கும் கேட்டது. அம்மிணியின் பெயர் எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். அந்தக் குரலில் கேட்ட பெயரை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

முதல் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. மேனேஜர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பொழுது இறங்கும்போது தனியாகத் திரும்பினார். முற்றத்துச் சுவரில் சாய்ந்திருந்த ஏணியின் அடியில் மூன்று கோடு இருந்தது. அப்போதும் அவர் என்னை அதட்டவில்லை.

“சாமி, உனக்கு இனிமே இங்க வேலை இல்ல” என்றார். அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வேறு யாரும் எனக்கு வேலை கொடுக்கவும் இல்லை. அடுத்த நாலு வருஷம் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றி இறக்கினேன்.

பத்து நாள் கழித்து அம்மிணியின் அப்பா, தம்பி, இன்னும் இரண்டு சொந்தக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்து சாமான்களை ஏற்றினார்கள். அவர் பத்திரமாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது அதை வைத்துத்தான். நான் ரோட்டோரம் நின்றிருந்தேன். அப்பா என்னைத் தாண்டித்தான் வேனில் ஏறினார். என்னை அடையாளம் தெரிந்தது, முகத்தில் பார்த்தேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்தத் தடவை அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டால்தான் பேசுவேன் என்று இருந்துவிட்டவன் நான். வேன் போய்விட்டது.

வீடு கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. மேனேஜரும் வேறு எங்கோ மாறிப் போய்விட்டார். ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்து, ஏணி இல்லாமல் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினேன். பட்டியல் அப்படியே இருந்தது. இரண்டில் சங்கிலி. ஒன்பதில் தகரக் கூரை மழை. ஒன்றாம் இடம் காலி.

கடைசி நாளில் அவர் என் பாட்டை எடுத்தது அது நல்ல பாட்டு என்பதாலா, தொடக்கத்தில் ரொம்ப நேரம் மெதுவாகத் தட்டும் என்பதாலா, எனக்குத் தெரியாது. ஆனால் முழுச் சத்தத்தில், முதலில் இருந்து அவர் கேட்ட பாட்டு அது ஒன்றுதான். களத்தோரம் தலையைச் சாய்த்து நின்றதை நான் பார்த்தேன்.

மரத்தில் இருந்தபடியே கையை நீட்டினால் ஜன்னல் கதவு எட்டியது. விளிம்பில் ஒரு துண்டு சாக்கட்டி கிடந்தது. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் அவர். எங்கேயோ, சத்தத்தை அவரே திருப்பிக்கொள்கிற ஒரு வீட்டில், நிரப்பியிருப்பார்.